வேலாயி பெயரில் இருநூற்று மூன்று புத்தகங்கள்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் வந்து, "சந்திரமதி, அந்த அம்மாவை நீ அப்படி ஏசியிருக்க வேண்டாம்" என்று எனக்குப் புத்தி சொல்லக் கூடாது பாருங்கள். ஏசினேன்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், ஐம்பது பேர் பார்க்க, தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு ஏசினேன். ஏன் ஏசினேன், பிறகு என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தேழாம் வருடம் எனக்கு நூலகத்தில் வேலை கிடைத்து, தைப்பிங்கிலிருந்து கேமரன் மலைக்கு வந்தேன். மலை மேல் ஒரு டவுன். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நூலகம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, மேலே தகரம். மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த ஊரில் மழை பிடிக்காத நாள் ஏது? தலைமை நூலகர் புவான் ரொஹானி, அவருக்குக் கீழே நான். அவ்வளவுதான் ஆட்கள்.

தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி, ஜன்னல் ஓரத்தில். இருநூற்று நாற்பது புத்தகங்கள். யாராவது அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருக்கும். ஆனால் எடுப்பவர்தான் இல்லை. டவுனில் அரசாங்க வேலையில் இருந்த நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், பத்திரிகை படிப்பார்கள், "என்னம்மா, குளிர் ஜாஸ்தியா இருக்கே" என்பார்கள், போய்விடுவார்கள். நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே போவேன்.

"சார், இதைப் படிச்சுப் பாருங்க சார். கீழ வைக்கவே மனசு வராது."

"அடுத்த வாரம் பாப்போம்மா."

அந்த அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் வரவே இல்லை.

இப்படி நான் பொருமிக்கொண்டிருந்த நாளில்தான் வேலாயி வந்தார். முப்பத்திரண்டாம் கட்டை, அதாவது முப்பத்திரண்டாவது மைலில் இருக்கும் எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையில் துண்டு, கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய நீல ஐசி, குடியுரிமை உள்ளவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. மேசைக்கு முன்னால் நின்று, கடையில் தேங்காய் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பொஸ்தகம் வேணும் கிராணியம்மா. எட்டு."

ஆபீசில் பேனா பிடிப்பவர் யாராக இருந்தாலும் எஸ்டேட் ஆட்களுக்குக் கிராணிதான். நான் நூலக உதவியாளர் என்று ஆறு மாதம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"ஒரு கார்டுக்கு மூணுதான் வேலாயிக்கா."

"மூணு எங்க லா பத்தும்?"

நான் அலமாரியைப் பார்த்தேன். புத்தகங்கள் தூசி படிந்து உட்கார்ந்திருந்தன. எட்டு என்ன, எண்பது வேண்டுமானாலும் கொண்டு போங்கள் தாயே என்றிருந்தது. உறுப்பினர் பாரத்தை நானே நிரப்பி, மூன்று என்ற கணக்கை மறந்து எட்டையும் எடுத்துக்கொடுத்தேன். கையெழுத்துப் போட மட்டும் அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். மூன்று எழுத்துக்கு மூன்று நிமிடம். குளிரில் விரல் விறைத்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் லோரியில் வந்து இறங்கி, எட்டுப் புத்தகத்தையும் மேசையில் அடுக்கினார். எல்லோரிடமும் கேட்கிற மாதிரி நானும் கேட்டேன்.

"எப்படி இருந்துச்சு வேலாயிக்கா?"

அவர் நிமிர்ந்து நின்றார். இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டார். முதல் புத்தகத்தின் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சொன்னார். அப்புறம் இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. எட்டையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் நின்ற சீனக் கிழவர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! அலமாரியோடு ஒண்டியாகப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்படி ஒரு வாசகி! அதுவும் என்ன மாதிரி வாசகி! "அந்த வக்கீலு இருக்கானே, அவன வெளக்கமாத்தாலயே போடணும்" என்பார். "கடைசில அந்தப் பொண்ணச் சாவடிச்சது எனக்குப் புடிக்கல கிராணியம்மா. எழுதுனவருக்கு என்ன அவசரமோ" என்பார். ஒரே புத்தகத்துக்கு இரண்டு அபிப்பிராயம்கூட சொல்வார். "ஒரு பக்கம் பாத்தா அருமையான கத. இன்னொரு பக்கம் பாத்தா வெறும் வளவளா." அடேயப்பா, எவ்வளவு நிதானமான மனுஷி என்று நான் வியந்துபோவேன். கொலைக் கதையும் படிக்கிறார், காதல் கதையும் படிக்கிறார், பக்திப் புத்தகமும் படிக்கிறார். அவருக்காகவே நான் வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போடுவேன். அவர் வருகிற ஞாயிறு என்றால் நல்ல சேலை கட்டிக்கொண்டு போவேன், சிரிக்காதீர்கள்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

எழுபத்தொன்பதாம் வருடக் கடைசியில் நூலகத்தில் வாசிப்பு நாள் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. மாநிலத் தலைநகர் குவாந்தானிலிருந்து ஓர் அதிகாரி வருவார். அந்த வருடம் அதிகப் புத்தகம் எடுத்தவருக்கு அவர் கையால் நற்சான்றிதழும் பேனாவும். பரிசு பெறுகிறவர் மேடையில் தனக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். புவான் ரொஹானி என்னைக் கணக்கெடுக்கச் சொன்னார். எடுத்தேன். இரண்டாவது இடத்தில் ஒரு சீன ஆசிரியர், அறுபத்தொரு புத்தகம். முதல் இடத்தில் வேலாயி, இருநூற்று மூன்று. புவான் ரொஹானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். என் பெண்ணே பரிசு வாங்கின மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெயரைக் குவாந்தானுக்கு அனுப்பியாயிற்று.

திங்கட்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அழைப்புக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பது என்று பஸ் ஏறி முப்பத்திரண்டாம் கட்டையில் இறங்கினேன். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். வேலாயி என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். அதைத் தமிழில் நானே எழுதியிருந்தேன்.

"சத்தமாப் படிங்க வேலாயிக்கா. எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி வரிசையைப் பார்த்து, "அம்சு, இங்க வாடி. கிராணியம்மா என்னமோ குடுத்திருக்காங்க, படிச்சுச் சொல்லு" என்றார்.

"நீங்க படிச்சா என்ன?"

"எனக்கு எங்க கிராணியம்மா படிக்கத் தெரியும்? பள்ளிக்கூட வாசலக்கூட மிதிச்சதில்ல. என் பேர மட்டும் எழுதுவேன், அதுவும் அம்சு காட்டிக் குடுத்தது."

அவர் இதைச் சாதாரணமாகச் சொன்னார், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்கிற மாதிரி. எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"என்னை முட்டாளாக்கிட்டீங்களா? ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா என் முன்னால நின்னு படிச்ச மாதிரி நடிச்சீங்களே! ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உங்களுக்குப் பட்டியல் போட்டேனே, எனக்கு வேற வேலை இல்லையா? அது அரசாங்கக் கார்டு தெரியுமா? ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் எடுத்தா கார்டைப் புடுங்கிருவாங்க, தெரியுமா?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் இதை இங்கேயே மூடிவைத்துவிடுவீர்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற கங்காணி நிறுப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

வேலாயிக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது.

"நான் எங்க நடிச்சேன்? நீங்க கேட்டீங்க, சொன்னேன். கதையச் சொன்னாத்தானே பொஸ்தகத்தத் திருப்பி எடுத்துக்குவீங்க?"

"யார் சொன்னா அப்படி?"

"யார் சொல்லணும்? இங்க கூடையக் கொண்டாந்து வெச்சா கங்காணி சும்மா விட்ருவாரா? கைய விட்டுக் கெளறுவாரு. கொழுந்தா, முத்த எலையான்னு பாத்துத்தான் நிறுப்பாரு. அங்க நீங்க நிறுக்கறீங்க. நான் சரியாச் சொல்லலன்னா அடுத்தவாட்டி குடுக்க மாட்டீங்கல்ல?"

நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். அவரும் மற்றவர்களும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மேல் லயத்தில், அதாவது எஸ்டேட்டின் மேல் பக்கத்து வரிசை வீடுகளில், படிக்கிறவர்கள் பத்தொன்பது பேர். எல்லோருமே சிவப்பு ஐசி. இங்கேயே பிறந்தவர்கள்தான், பிறந்தபோது யாரும் பதிந்து வைக்கவில்லை, அதனால் குடியுரிமை இல்லை, நூலகக் கார்டும் இல்லை. நீல ஐசி வைத்திருந்த நாலைந்து ஆண்களுக்குப் புத்தகம் என்றால் காய்ச்சல் வரும். மிஞ்சியது வேலாயி. படிக்கத் தெரியாவிட்டால் என்ன, கார்டு எடுக்கலாமே என்று அவரை அனுப்பிவைத்தார்கள். முதல் தடவை நான் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது, லோரியில் வரும்போது அவர்கள் பேசிக்கொண்டதை வைத்துச் சமாளித்தாராம். அதற்கப்புறம் பயந்துபோய், ஒவ்வொரு முறையும் புத்தகம் திருப்புவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், வீடு வீடாகப் போய்ப் படித்தவர்களை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படித்திருந்தால் இரண்டு பேர் சொல்வதையும் கேட்பார். நான் வியந்த நிதானம் அதுதான்!

பாதியில் விட்டவர்களுக்கு வசவு விழும். மருந்து அடிக்கிற இருளப்பன் ஒரு கொலைக் கதையை முடிக்காமல் தூங்கிவிட்டு, முடிவைத் தானே கட்டிச் சொல்லியிருக்கிறான். கொலை செய்தது டாக்டர் என்று வேலாயி என்னிடம் வந்து சொன்னதும், "இல்லையே, தம்பிதானே" என்று நான் கேட்டதும், அவர் முகம் வெளிறிப்போனதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு இந்தக்கா என்னை அடிக்காத கொறை" என்றான் இருளப்பன். "உன்னால கார்டு போயிருக்கும்டான்னு லயம் முழுக்கத் தொரத்துனாங்க."

அந்தச் சனிக்கிழமைகளில் ஒரு வீட்டில் கதை சொல்ல ஆரம்பித்தால் பக்கத்து நாலு வீடும் வந்து உட்கார்ந்துவிடுமாம். நான் டவுனில் கூட்டம் சேர்க்கத் தெரியாமல் வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தேன். இங்கே என் அலமாரியைச் சுற்றி ஒரு லயமே உட்கார்ந்திருக்கிறது. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனாலும் நான் விடுவேனா? வீம்புக்கு ஒன்று கேட்டேன்.

"நேரா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? ஏன் மறைக்கணும்?"

வேலாயி அம்சு என்று கூப்பிட்ட அம்சவல்லி பதில் சொன்னாள். என் வயதுக்காரி. கடிதம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"நான் வந்தேங்க. நீங்க வேலைக்கு வந்த புதுசு. ஆறு கல்லு நடந்து வந்து கார்டு கேட்டேன். ஐசியப் பாத்துட்டு, சிவப்புக்கு இல்லன்னு சொன்னீங்க. எழுதிக்கிட்டே சொன்னீங்க, தலையத் தூக்கல."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆறு மைல் நடந்து வந்த ஒருத்தியை அனுப்பிவைத்திருக்கிறேன், அவள் முகம்கூட என் மனத்தில் இல்லை. அங்கிருந்த கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

சரி, உட்கார்ந்து என்ன செய்ய? பெயர் குவாந்தானுக்குப் போயாயிற்று. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் கார்டு போகும். கார்டு போனால் பத்தொன்பது பேருக்கும் புத்தகம் போகும். மேடையில் அந்த அம்மா ஒரு பக்கம் வாசித்தே ஆக வேண்டும்.

"ஒரு பக்கந்தானே?" என்றார் வேலாயி. "அம்சு நாலு தடவ படிக்கட்டும். நான் சொல்லிர்றேன்."

அப்படித்தான் நான் திருட்டுக்குத் துணை போனேன். அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் எஸ்டேட்டுக்குப் போனேன். ஒரு தாய் ஊருக்குப் போகிற ரயிலைத் தவறவிடுகிற பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். அம்சவல்லி படித்தாள். மூன்றாவது தடவையே வேலாயி ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டார். கஷ்டம் அதில் இல்லை, புத்தகத்தைப் பார்ப்பதில்தான். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே சொல்வார். "பொஸ்தகத்தப் பாருக்கா, பொஸ்தகத்த!" என்று இருளப்பன் கத்துவான். எந்த இடத்தில் தாளைத் திருப்புவது என்பதை அவன்தான் பொறுப்பெடுத்துச் சொல்லிக் கொடுத்தான். திருப்புகிறபோது விரலை நாக்கில் தொட்டுக்கொள்ளச் சொன்னது அவனுடைய சொந்தச் சரக்கு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்த இரண்டு திங்கட்கிழமைகளைப் போல் நான் அந்த மலையில் சந்தோஷமாக இருந்ததில்லை.

வாசிப்பு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. புவான் ரொஹானி பூச்சாடி வைத்தார். நாற்காலிகளில் டவுன் ஆட்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும். குவாந்தான் அதிகாரி நேரத்துக்கு வந்துவிட்டார், அதிகம் பேசாத மனிதர். எஸ்டேட் லோரி வந்து நின்றது. வேலாயி உள்ளே வந்தார், அரக்குச் சேலை, ஸ்வெட்டர் இல்லை. மற்ற பத்தொன்பது பேரும் உள்ளே வரவில்லை. கார்டு இல்லாதவர்கள் நுழையக் கூடாது என்று அவர்களாகவே முடிவுசெய்துகொண்டு, தூறலில் ஜன்னலுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். நான் கையைக் காட்டி அழைத்தேன். அம்சவல்லி தலையை ஆட்டிவிட்டாள்.

வேலாயியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினார். புத்தகத்தைப் பிரித்தார். என்ன குரல், என்ன நிறுத்தம்! ரயில் போய்விடுகிற இடத்தில் முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். வேலாயி சரியான இடத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினார். முடித்தார். கைதட்டல். ஜன்னலுக்கு வெளியே இன்னும் பலமாகக் கைதட்டல். எனக்கு உயிர் வந்தது.

அதிகாரி சான்றிதழை எடுத்துக்கொண்டு எழுந்தார். போட்டோ பிடிப்பவர் முன்னால் வந்தார். வேலாயி சான்றிதழை வாங்கக் கையை நீட்டினவர், ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே அம்சவல்லி முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நனைந்தபடி, சிரித்துக்கொண்டு நின்றாள். வேலாயி கையை இழுத்துக்கொண்டார்.

"இது வேணாங்க" என்றார் தமிழில், என்னைப் பார்த்து. "தொரைகிட்டச் சொல்லுங்க கிராணியம்மா. படிச்சது நானில்ல. எனக்குப் படிக்கத் தெரியாது. அதோ நனஞ்சிக்கிட்டு நிக்கறாங்களே, அவங்க படிச்சது. அடுத்தவ கூடையில இருக்குற கொழுந்த என் பேர்ல நிறுக்கச் சொல்றீங்களா? அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. புவான் ரொஹானிக்கும் தெரியாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மலாயில் சொல்ல வேண்டியவள் நான்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பொய் சொன்னேன். இந்த அம்மா ரொம்ப நன்றி சொல்கிறார், தனக்கு இவ்வளவு பெரிய மரியாதை எதற்கு என்று கூச்சப்படுகிறார் என்று மலாயில் சொன்னேன். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அந்தக் கார்டைக் காப்பாற்றினால் போதும் என்றிருந்தது.

ஆனால் சந்தைக்குப் போய்வருகிற எஸ்டேட்காரிக்கு மலாய் தெரியாமல் இருக்குமா?

"புக்கான், துவான்!" என்றார் வேலாயி சத்தமாக. இல்லை ஐயா! "டியா சாலா சாக்காப். சாயா தா தாவு பாச்சா." இவர் தப்பாகச் சொல்கிறார், எனக்குப் படிக்கத் தெரியாது! சொல்லிவிட்டு ஜன்னலைக் காட்டி, படிக்கிறவர்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள் என்று தன் சந்தை மலாயில் அடித்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை.

ஐயோ சாமி! வேலை போயிற்று, கார்டு போயிற்று, எல்லாம் போயிற்று என்று நின்றேன். அதிகாரி என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர்கள் ஏன் சொந்தமாகக் கார்டு எடுக்கவில்லை? நான் சொன்னேன்: சிவப்பு ஐசி, துவான். விதி இடம் கொடுக்காது.

"எந்த விதி?" என்று கேட்டது அதிகாரி இல்லை, புவான் ரொஹானி.

அவர் என் மேசை இழுப்பறையைத் திறந்து, அடியில் கிடந்த விதிப் புத்தகத்தை எடுத்தார். நான்காம் பக்கம். குடியுரிமை இல்லாத, உள்ளூரில் வசிக்கிறவர்களும் உறுப்பினர் ஆகலாம், குடியுரிமை உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால். தெளிவாக, கறுப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சாவியைக் கொடுக்கும்போது, "சிவப்பு ஐசிக்குக் கார்டு கிடையாது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். ஊரில் இருப்பவர்களையெல்லாம் இதைப் படி அதைப் படி என்று துரத்தினவள், வேலாயி படிக்கவில்லை என்று தொண்டை கிழிய ஏசினவள், என் இழுப்பறையில் கிடந்த இருபது பக்கப் புத்தகத்தை இரண்டரை வருடமாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அதிகாரி என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

பரிசு அறுபத்தொரு புத்தகம் படித்த சீன ஆசிரியருக்குப் போயிற்று. அதற்கு வேலாயி விசிலடிக்காத குறையாகக் கைதட்டினார்.

பிறகு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நானே வெளியே போய் அழைத்தேன். செருப்பையெல்லாம் வாசலில் வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டு, பத்தொன்பது பேரும் உள்ளே வந்தார்கள். விருந்தாளிகள் போன பிறகும் பகல் இரண்டு மணிவரை பாரம் நிரப்பினோம். ஜாமீன் இடத்தில் வேலாயி கையெழுத்துப் போட்டார். மூன்று எழுத்துக்கு மூன்று நிமிடம். நான் அவசரப்படுத்தவில்லை.

"எல்லாருக்கும் கார்டு வந்திருச்சு. இனிமே எனக்கு எவ கத சொல்லப்போறா?" என்று நடுவில் முனகினார்.

"நீ கேக்காட்டியும் நாங்க விட்ருவமா?" என்றான் இருளப்பன். "வாங்குன வசவுக்குப் பழி வாங்க வேணாமா?"

கடைசியாக அம்சவல்லியின் பாரம். வேலாயி பேனாவை எடுத்தபோது நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்குக் கை வலிக்கும் வேலாயிக்கா. இதுக்கு நான் போடறேன்."

போட்டேன். போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"அம்சவல்லி, அன்னைக்கு உங்களை வெறுங்கையோட அனுப்புனது என் தப்பு. சட்டம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் சரியில்ல. என்னை மன்னிச்சிருங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? அவள் பதறிப்போய், "ஐயய்யோ, என்ன கிராணியம்மா இது, உக்காருங்க" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அழுத்திவிட்டுப் புதுக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்து அலமாரிக்குப் போனாள். என் பழக்கம் என்னை விடுமா? மூக்கைத் துடைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

"இது படிச்சிருக்கீங்களா?"

"ம்."

"இது? ரொம்ப நல்லா இருக்கும்."

"படிச்சேன்."

"மேல் தட்டுல இருக்கறது?"

"எல்லாமே ஆச்சு கிராணியம்மா. இங்க இருக்குற அத்தனையும் ஒருவாட்டி படிச்சிட்டேன்."

எனக்குப் பகீரென்றது. இத்தனை நாள் காத்திருந்து கார்டு வாங்கினவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு புத்தகம் இல்லை! புதுசு பிப்ரவரியில்தான் வரும் என்று தடுமாறினேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

"இதக் குடுங்க."

"இதையும்தான் படிச்சாச்சே?"

"படிச்சேன். அது வேலாயிக்கா பேர்ல. இப்ப என் பேர்ல படிக்கணும்."

நான் மேசைக்குப் போய் அம்சவல்லி என்று எழுதி, தேதி முத்திரையைக் குத்தி, புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தேன்.